ட்ரீம்11: கட்டுரையில் விட்டுப்போனது

நிஜ கிரிக்கெட் வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் மைதானத்தில் ஆடுவதற்கேற்பப் புள்ளி பெறும் ஆன்லைன் விளையாட்டு ட்ரீம்11. அது வளர்ந்த கதையை உங்கள் கட்டுரையில் வெறும் தொழில் சாதனையாகவே எழுதிவிட்டீர்கள். சரி, 2008-ல் தொடங்கி 2019-ல் நூறு கோடி டாலர் மதிப்பைத் தொட்டது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் 2017-ல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் இதைச் சூதாட்டமல்ல, திறமை விளையாட்டு என்று சொல்லாமல் இருந்திருந்தால், 2020 ஐபிஎல்லுக்கு 222 கோடி ரூபாய் கொடுத்து ஸ்பான்சராகத் தன் பெயரை மாட்டியிருக்க முடியுமா? ஆடுகிறவர்களைப் பாருங்கள்: டாஸ் போட்டதும் அவசர அவசரமாக அணியை மாற்றுவார்கள், தாங்கள் கேப்டனாகத் தேர்ந்தெடுப்பவருக்கு இரட்டைப் புள்ளி என்பதால் அதற்கே பாதி குழப்பம். பணம் கட்டி ஆடிய காலத்தில், யார் ஜெயித்தாலும் கட்டிய பணத்தில் நிறுவனத்தின் பங்கு முதலிலேயே கழிந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைச் சட்டம் தடை செய்ததும், அதுவரை ஸ்பான்சராக இருந்த ட்ரீம்11 விலகியதால் ஆசியக் கோப்பைக்கு இந்திய அணி ஸ்பான்சர் பெயரே இல்லாத சட்டையோடு போனது. இதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே, ஏன்?