ஞாயிறு மட்டும்தானே வேலை?

"பாஸ்டருக்கு என்ன, வாரத்தில் ஒரு நாள்தானே வேலை!" இதை இன்னும் எத்தனை வருஷம் கேட்பது? சனிக்கிழமை ராத்திரி ஞானஸ்நானத் தொட்டியில் குழாயை விட்டு, இடுப்பளவு தண்ணீர் ஏறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது யார்? நாங்கள் பாப்டிஸ்டுகள், தலையில் தெளித்துவிட்டுப் போக முடியாது, ஆளை முழுசாக முக்கி எடுக்க வேண்டும். தரையைத் துடைத்துவிட்டு வந்து பிரசங்கக் குறிப்பைத் திறந்தால் போன். ஆஸ்பத்திரியில் ஒரு அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது. விடியும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், மெலிந்த விரலில் மோதிரம் தளர்ந்து சுற்றிக்கொண்டே இருந்தது. செவ்வாய் அடக்கம். புதன் ஜெபக் கூட்டம். அப்புறம் சபைக் கூட்டம். எங்களுக்கு மேலே பிஷப் கிடையாது, 1609-இல் ஆம்ஸ்டர்டாமில் முதல் பாப்டிஸ்ட் சபை கூடிய காலத்திலிருந்தே சபையார் முடிவுதான், அதை மனதார நம்புகிறவன் நான், ஆனால் திரைச்சீலை நிறத்துக்கு இரண்டு மணி நேரமா? சின்ன ஊர் வேறு, மருந்துக் கடை வரிசையில் நின்றாலும் "பாஸ்டர், ஒரு நிமிஷம்". அது எப்போது ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கிறது? சரி, பேசட்டும், அதற்குத்தான் இருக்கிறேன். ஆனால் அதே ஆள் ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கிக்கொண்டே "இனி அடுத்த ஞாயிறுவரை ரெஸ்ட்தானே பாஸ்டர்?" என்றால் வயிறு எரியாதா?