பின்பால் மெஷின் தங்கம் மாதிரினு வர்ற ஃபார்வர்டு தப்புங்க

"பொருளாதார மந்தம் வந்தா பங்கு விழும், பழைய பின்பால் மெஷின் விலை மட்டும் ஏறும், கடன் வாங்கியாவது வாங்கிப் போடுங்க"னு ஒரு மெசேஜ் சுத்துது. இது உண்மை இல்லைங்க. (பின்பால் மெஷின்னா, கண்ணாடிக்கு அடியில உருளுற உலோகக் குண்டைத் தட்டித் தட்டி விளையாடுற பெரிய விளையாட்டு மெஷின்.)

வேலை போறப்போ ஜனங்க முதல்ல நிறுத்துறது இந்த மாதிரி ஆசைப் பொருளைத்தான், அதே நேரம் பணம் தேவைப்படுறவங்க விக்க வருவாங்க, வாங்க ஆள் கம்மி, அப்புறம் விலை எப்படி ஏறும்? 2008 நெருக்கடியில புது மெஷின் செய்ற ஸ்டெர்ன் கம்பெனியே ஆளைக் குறைச்சுது. 2020 கொரோனா நேரத்துல விலை ஏறினது நிஜம்தான், ஆனா அது வீட்டுல அடைஞ்சு கிடந்தவங்க தேடி வாங்கினதால, மந்தத்தால இல்ல.

எண்ணிக்கையும் முக்கியம். 1997ல வந்த மெடீவல் மேட்னெஸ்ங்கிற பின்பால் மெஷினை சுமார் 4,000தான் செஞ்சாங்க, அதான் அவ்ளோ கிராக்கி, ஆனா அதையே பிற்பாடு திரும்பத் தயாரிச்சு வித்தாங்களே, அரிதுங்கிறதும் நிரந்தரம் இல்ல பாருங்க. ஒரு மெஷினை எத்தனை செஞ்சாங்கனு இன்டர்நெட் பின்பால் டேட்டாபேஸ்ங்கிற வெப்சைட்ல பாக்கலாம், விலைய ஏலத்துல உண்மையா வித்த தொகைய வெச்சுப் பாருங்க, கேக்குற விலைய வெச்சு இல்ல.

கடன் வாங்கச் சொல்ற மெசேஜ்ங்க இது, தயவுசெஞ்சு யாருக்கும் அனுப்பாதீங்க.