நாமே கழற்றலாமா, திருத்துபவரிடம் கொடுக்கலாமா?

வீட்டு மின்சாதனம் பழுதானால் நாமே கழற்றிப் பார்ப்பதா, திருத்துபவரிடம் கொடுப்பதா என்று கேட்டால், "தெரிந்தால் செய், தெரியாவிட்டால் விடு" என்று பலரும் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறார்கள். வட இலங்கையின் வன்னியில் அந்தப் பதில் போதாது. துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருக்கும் ஒருவர் பழுதான பிரிஜ்ஜை லாண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றி, சாய்ந்துவிடாமல் கயிறு கட்டி, கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள், ஏற்றுகூலியும் அன்றைய வேலை இழப்பும் சேர்ந்து திருத்தக்கூலியைத் தாண்டிவிடும். அப்படிக் கொண்டுபோன பின் "பிளக்கில் வயர் கழன்றிருந்தது" என்று சொல்லி அனுப்பினால் யாரை நோவது? பழுதைத் திருத்துவது யாராக இருந்தாலும், அது எங்கே இருக்கிறது என்று ஓரளவுக்குக் கணிக்கும் அறிவு வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

கைவேலை நமக்குப் புதிதன்று. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது பற்றறி கிடைக்காமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்ட சனம் நாங்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களும் நாங்கள்தான். அந்தத் திறமையைப் பற்றி எவ்வளவு பெருமைப்பட்டாலும் தகும். ஆனால் அதனோடு சேர்ந்து இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு பாகம் பழுதானால் அதை எடுத்து எறிந்துவிட்டு, இரண்டு வயரையும் நேரே முறுக்கி இயக்கிவிடும் பழக்கத்தைச் சொல்கிறேன். டைனமோ தந்தது வெறும் 6 வோல்ட் என்பதால், அங்கே பிழையாகக் கொழுவினால் பாட்டு வராது, அவ்வளவுதான். இப்போது நம் வீட்டுச் சுவருக்குள் ஓடுவது 230 வோல்ட்.

ரைஸ் குக்கரை எடுத்துக்கொள்வோம். அடித்தட்டின் நடுவில், அழுத்தினால் உள்ளே போய் எழும்பும் பொத்தான் போன்ற ஒன்று இருக்கும். பானையில் தண்ணீர் இருக்கும்வரை அடிப்பாகத்தின் வெப்பம் 100 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றியதும் அந்த வெப்பம் மேலே ஏற, அந்தப் பொத்தானுக்குள் இருக்கும் காந்தம் பிடியை விட்டு சுவிட்சைத் தட்டிவிடும். அது தட்டத் தவறினால் காப்பாற்றுவதற்கென்றே, வெள்ளை உறைக்குள் ஒரு சிறிய வெப்ப உருகியை வைத்திருக்கிறார்கள். குக்கர் திடீரென்று சூடாகாமலே போனால், பெரும்பாலும் அந்த உருகிதான் போயிருக்கும். அதை வெட்டி எறிந்து வயரை முறுக்கிவிட்டால் குக்கர் வேலை செய்யும், சோறும் வேகும், செய்தவருக்குப் பாராட்டும் கிடைக்கும். அடுத்த முறை காந்தம் சிக்கிக்கொள்ளும்போது அதை நிறுத்துவதற்குத்தான் உள்ளே ஒன்றும் இருக்காது. பழையதில் எழுதியிருக்கும் அதே அளவுள்ள புதிய உருகி ஒன்றும் பெரிய விலையில்லை. இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: தட்டுக்கும் பானைக்கும் இடையில் ஒரு காய்ந்த சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலே பானை சரியாகப் படியாமல் சமையல் குழம்பும். கழற்றுவதற்கு முன் துடைத்துப் பார்க்கலாம்.

மின் கசிந்தால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் விடயம் இதைவிட மோசமானது. மாரியில் அடிக்கடி விழுகிறது என்று சொல்லி அதை ஒதுக்கிவிட்டு நேரே இணைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். 30 மில்லி அம்பியர் அளவு மின் கசிந்தாலே விழும்படி அது வைக்கப்பட்டிருப்பது நம்மைத் தொந்தரவு செய்வதற்காக அல்ல. எங்கோ நனைந்த வயரோ, தொட்டால் மின் அதிர்ச்சி தரும் மோட்டாரோ இருக்கிறது என்று அது சொல்கிறது. எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகக் கொழுவிப் பார்த்தால், எந்தச் சாதனத்தால் விழுகிறது என்பதை யாரும் கண்டுபிடிக்கலாம். ஒன்றுமே கொழுவாமல் விழுந்தால் அநேகமாக வயரிங்கில் பழுது. அதற்கு உரிய தகைமையுள்ள மின்னியலாளரைத்தான் கூப்பிட வேண்டும். கோடையில் நம் நிலம் காய்ந்து வெடிக்கும்போது எர்த் கம்பியின் பிடிப்பும் குறையும் என்பதையும் அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே தாராளமாகச் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. சீலிங் பான் மெதுவாகச் சுற்றினால், அல்லது உறுமிக்கொண்டு நின்று தடியால் தட்டிவிட்டதும் சுற்றத் தொடங்கினால், அநேகமாக மின்னைத் தேக்கிவைக்கும் சிறு பாகமான கப்பாசிற்றர்தான் பழுது. மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, பழையதில் எழுதியிருக்கும் அதே அளவில் வாங்கி மாற்றலாம். ஆனால் கருகிய மணம் வந்தால் கொயில் போய்விட்டது, அது கொயில் கட்டுபவரின் வேலை. கிணற்று மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறாவிட்டால், மோட்டாரைக் கழற்றுவதற்கு முன் கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கும் புட் வால்வில் தும்பு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிரிஜ் குளிர் குறைந்தால், கதவு ரப்பரில் ஒரு தாளைச் செருகி மூடி இழுத்துப் பாருங்கள்; தாள் இலகுவாக வந்தால் காற்று போகிறது. நம் ஊர்களில் பெண்கள் தனித்து நடத்தும் வீடுகள் ஏராளம். "இது ஆம்பிளையளின்ரை வேலை" என்று சொல்லி அவர்களை யாராவது வரும்வரை காத்திருக்கவைப்பதில் எந்த நியாயமும் இல்லை.

தொடவே கூடாதவையும் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பைக் கழற்றவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் கப்பாசிற்றரில் ஆளைக் கொல்லும் மின் தங்கியிருக்கும். பிரிஜ்ஜின் காஸ் குழாயிலும் கை வைக்க வேண்டாம். கொம்பிரசரில் ஆர்600ஏ என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது தீப்பற்றும் வாயு.

ஆனால் திருத்துபவரிடம் கொடுத்துவிட்டால் நம் பொறுப்பு முடிந்துவிட்டதென்று நான் நினைக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் பிரிஜ்ஜைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, காஸ் இறங்கிட்டுது, அடிச்சுவிட்டால் சரி" என்றார். அடித்தார், காசும் வாங்கினார், சில வாரங்களில் பிரிஜ் பழையபடி ஆகிவிட்டது. பிரிஜ்ஜின் காஸ் பெற்றோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது குறைந்தால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள். ஓட்டையைத் தேடாமல் காஸ் அடிப்பவருக்கு நாம் கொடுப்பது தவணைப் பணம். "எங்கே தம்பி கசியுது, அடைச்சதைக் காட்டும்" என்று கேளுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். நல்ல தொழிலாளி இதற்குக் கோபிக்கமாட்டார். கோபிப்பவரிடம் அடுத்த முறை போகாதீர்கள்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. அங்கே மின்துறை படித்து வெளியேறும் பிள்ளைகளில் சிலராவது மல்லாவியிலும் ஒட்டுசுட்டானிலும் ஒரு சிறிய கடை போட்டால், லாண்ட்மாஸ்டரில் பிரிஜ் ஏற்றும் வேலை பாதியாகக் குறையும். அப்படி ஏற்கெனவே கடை வைத்திருப்பவர்களை உங்களுக்குத் தெரிந்தால், அவர்களின் அனுமதியோடு எந்த ஊர், என்ன வேலை என்று கீழே எழுதுங்கள்.