ஐம்பது ஜன்னல், ஐம்பத்தொன்றுக்கு இடமில்லை

நெதர்லாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான நாட்டு வரலாற்றை 50 ‘ஜன்னல்’களாக வைத்திருக்கிறார்கள்: ஒவ்வொன்றும் ஓர் ஆளோ நிகழ்வோ பொருளோ, அதன் வழியே அந்தக் காலத்தைப் பார்க்க வேண்டும். 2006இல் பிரிட்ஸ் வான் ஓஸ்ட்ரோம் குழு போட்ட பட்டியல். 2020 ஜூனில் வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் கென்னடியின் குழு அதில் பத்தை மாற்றியது. உடனே சண்டை.

சண்டைக்குக் காரணம் அந்த எண்தான். 50ஐ 60 ஆக்கியிருந்தால் ஒருவருக்கும் கோபம் வந்திருக்காது, ஒருவரும் கவனித்திருக்கவும் மாட்டார்கள். எண்ணைத் தொடாததால் ஒருவர் வர ஒருவர் போயாக வேண்டும். வில்லெம் ட்ரேஸ் போனார். 1947இல் முதியோர் உதவிக்கு அவசரச் சட்டம் கொண்டுவந்தவர், ஒரு தலைமுறைக்குக் குலதெய்வம் மாதிரி. மார்கா க்ளொம்பே வந்தார்: 1956இல் நாட்டின் முதல் பெண் அமைச்சர், வறியவருக்கான உதவியைத் தர்மமாக இல்லாமல் சட்ட உரிமையாக்கியவர். மக்கள்நல அரசின் கதை அப்படியே இருக்கிறது, சொல்லும் ஆள்தான் வேறு.

16ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தையும் ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸும் போய்விட்டார் என்று புலம்பியவர்கள் உண்டு. வந்தவர் பர்கண்டி மரியா, சார்லஸின் பாட்டி! 1477இல் நெதர்லாந்து மாகாணங்கள் தங்கள் ஆட்சியாளரான அவரிடம் வாங்கிய உரிமைச் சாசனத்தில் தொடங்கினால் பேரன் தானாக வருவார். ஆனால் ஆசிரியர் அதைச் சொல்ல வேண்டும். இந்த முறையின் பலவீனமே அங்கேதான்: பேப்பர் படிப்பவர்கள் பெயர்களை மட்டும் பார்த்து, ஜன்னலைச் சிலை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

எனக்குப் பிடித்த சேர்ப்பு ஆண்டன் தெ கோம். தென் அமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சுரினாமில் பிறந்தவர். அங்கிருந்த அடிமைமுறை பற்றி 1934இல் நூல் எழுதினார், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் பிடிபட்டு 1945இல் நாஜி முகாமில் இறந்தார். ஒரே ஆளில் காலனியும் போரும் தெரிகின்றன. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை (1658இல் நாகப்பட்டினத்தைப் பிடித்த அதே கம்பெனிதான்) வெறும் வணிக சாதனையாகப் படித்த பிள்ளைகளுக்கு இது அவசியம்.

‘அந்த ஜூன் மாத நிறவெறி எதிர்ப்புப் போராட்டங்களுக்குப் பயந்து மாற்றினார்கள்’ என்பது தேதி பார்க்காத பேச்சு. குழு அமைந்தது 2019இல். வேண்டுமானால் கென்னடியை அவர் எழுத்தாலேயே மடக்கலாம். அமெரிக்காவில் பிறந்த அவர் 1995இல் வெளியிட்ட நூலில் சொன்னது: அறுபதுகளில் நெதர்லாந்து மாறியதற்கு இளைஞர் கலகம் மட்டும் காரணமல்ல, மேலே இருந்தவர்களே ‘மாற்றம் வந்தே தீரும்’ என்று நம்பி வழிவிட்டார்கள். கால் நூற்றாண்டு கழித்து அந்த மேலிடத்து நாற்காலியில் அவரே உட்கார்ந்திருந்தார்.