சோலார் மோட்டார் தண்ணி குடிச்சா கிட்னி போயிருமா?

ரெண்டு நாளா ஏற்காடு வாட்ஸப் குரூப்புங்கள்ல ஒரு ஃபார்வர்ட் சுத்துது, "சோலார் மோட்டார்ல ஏத்துன தண்ணில கதிர்வீச்சு கலந்துரும், குடிச்சா கிட்னி போயிரும்"னு. சுத்தப் பொய்ங்க. தண்ணி அந்த பேனல் பக்கமே போறதில்ல. வெயில் பட்டா பேனல் கரண்ட் குடுக்குது, அந்த கரண்ட்ல போர் மோட்டார் ஓடுது, தண்ணி பைப் வழியா டேங்குக்கு ஏறுது, ஈபி கரண்ட்ல ஓட்டுனாலும் இதே தண்ணிதான் இதே பைப்புதான்.

நாகலூர் பக்கம் எங்க சித்தி, வீட்டுக்கு பத்தடில சோலார் டேங்க் குழாய் இருந்தும், இந்த மெசேஜ பாத்து பயந்துட்டு அறுபது வயசுல குடத்த இடுப்புல வெச்சுக்கிட்டு காப்பித் தோட்டத்துக்கு கீழ ஓடைக்கு எறங்குறாங்க. மாடு எறங்கி கலக்குற ஓடைங்க அது! பாத்ததும் மனசு பதறிருச்சு. வயித்துப்போக்கு, டைபாய்டு, மஞ்சக்காமாலை எல்லாம் அங்கருந்துதான் வரும்.

"மேகம் மூடுனா மோட்டார் ஓடவே ஓடாது"ன்னு அதுலயே இன்னொரு வரி. மேகம் இருந்தா தண்ணி கொறச்சலா ஏறும், பனிமூட்டம் ரொம்ப அடர்த்தியா இருந்தா நிக்கவும் நிக்கும், அதுக்குதான் டேங்க பெருசா கட்டி வெயில் நேரத்துலயே ரொப்பி வெக்கறது.

ஆனா சோலார் தண்ணிய ஏத்தும், சுத்தம் பண்ணாது. டேங்க கழுவணும், குளோரின் போடணும், குழாய்ல வர்றப்ப லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது அது மிச்சம் இருக்கணும். சந்தேகமா இருந்தா காய்ச்சுங்க, மலை உயரத்துல 95 டிகிரி கிட்டயே கொதிச்சுரும், கிருமி சாக அது போதும். கீழ சேலம் பக்கம் சில போர்ல இருக்கற ஃப்ளோரைடு (அளவு மிஞ்சுனா பல்லையும் எலும்பையும் கெடுக்கற உப்பு) மட்டும் காய்ச்சுனா போகாதுங்க, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம தாண்டுதான்னு டெஸ்ட் பண்ணித்தான் பாக்கணும்.