ஈதோஸ் என்பது பட்டமும் பதவியும் அல்ல

எழுதுபவரின் பட்டம், பதவி, புகழ் ஆகியவற்றைத்தான் அரிஸ்டாட்டில் ‘ஈதோஸ்’ (பேசுபவர் மீது கேட்பவருக்கு நம்பிக்கை வரச் செய்யும் குணத்தோற்றம்) என்றார் என்று இங்கே பலரும் பகிர்கிறார்கள். மன்னிக்கவும், அவர் சொன்னது ஏறக்குறைய நேர்மாறு. பேசுபவரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு முன்பே இருக்கும் அபிப்பிராயத்தால் அல்ல, பேச்சின் வழியாகவே அந்த நம்பிக்கை பிறக்க வேண்டும் என்கிறார். பேச்சுக்கலை பற்றிய அவரது நூலான ‘ரெட்டரிக்’, முதல் புத்தகம், 2ஆம் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

எனக்கு இதைப் புரியவைத்தது ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’, 3ஆம் அங்கம், 2ஆம் காட்சி. கொல்லப்பட்ட சீசரின் இறுதிச் சடங்கில் மக்களிடம் பேசும்போது, கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸைப் போன்ற பேச்சாற்றல் தனக்கு இல்லை, தான் நண்பனை நேசிக்கும் வெள்ளந்தி மனிதன் என்கிறான் சீசரின் நண்பன் ஆண்டனி. பதவி எதையும் அவன் அங்கே நீட்டவில்லை. ஒளிவுமறைவு இல்லாதவன் என்ற தோற்றம் அந்தச் சொற்களிலேயே உருவாகிவிடுகிறது.