கிளையை வெட்டினால் வேர் பிடிக்குமா?
இடம் மாற்றும் செடியில் மூன்றில் ஒரு பங்கு கிளைகளைக் கழித்துவிட்டால் தோண்டும்போது அறுபட்ட வேருக்கு அது ஈடாகிவிடும் என்று ஒரு தோட்டக் கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை, அதுவும் ஏற்கெனவே நோஞ்சானாக நிற்கும் செடிக்கு! புது வேர் விடத் தேவையான உணவைத் தயாரிப்பதே இலைகள்தான். வேர் விடத் தூண்டும் ஆக்சின் என்ற ஹார்மோனும் நுனி மொட்டிலும் இளந்தளிரிலும் உருவாகித்தான் கீழே இறங்குகிறது. நுனியை நறுக்கினால், மிச்சமிருக்கும் சேமிப்பையும் பக்கக் கிளை விடுவதிலேயே செடி செலவழித்துவிடும். காய்ந்தது, முறிந்தது, நோய் கண்டது மட்டும் போனால் போதும். எங்கள் தோட்டத்தில் மரநிழலில் பூக்காமலே நின்ற செம்பருத்தியை ஒரு கிளைகூட வெட்டாமல் வெயில் படும் பக்கம் மாற்றினோம். முதலில் இலைகள் பழுத்துக் கொட்டின, பயமாகத்தான் இருந்தது. பிறகு அதே கிளைகளிலேயே துளிர்த்தது. கவனம் முழுக்க வேரில்தான் இருக்க வேண்டும். தண்டு 1 அங்குலத் தடிமன் என்றால் வேரோடு எடுக்கும் மண்கட்டி 10 முதல் 12 அங்குல அகலமாவது இருக்கட்டும், தோண்டுவதற்கு முந்தைய நாளே நன்றாகத் தண்ணீர் விட்டால் அது உதிராது. செடி சாயாமல் இருக்க ஆழமாக நடச் சொல்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம், தண்டடி மண்ணில் புதைந்தால் அழுகும். பழைய மட்டத்திலேயே நட்டு, தேவைப்பட்டால் ஒரு குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள்.